மூன்றாவது கொட்டகையின் மின்விசிறி

தன் காளான் பண்ணையின் நடைவழியில் வந்து நின்ற லேஷெக்குக்கு ஏதோ குறைவதாகப் பட்டது.

சத்தம்தான் குறைந்திருந்தது. மூன்றாவது கொட்டகையில் மின்விசிறி ஓடவில்லை.

சுவரிலிருந்த சுவிட்சைப் பார்த்தான். யாரோ அணைத்திருந்தார்கள்.

வசந்தம் பிறந்ததிலிருந்து அவன் மண்டையைக் குடைந்த கேள்விக்கு இதோ பதில். மற்ற இரண்டு கொட்டகைகளிலும் மொட்டுக் காளான் உருண்டு திரண்டு வந்துகொண்டிருக்க, இந்த மூன்றாவதில் மட்டும் கால் நீண்டு தலை சிறுத்துக் கிளம்பியது. நல்ல காற்று போதாவிட்டால் காளான் அப்படித்தான் கழுத்தை நீட்டும். போலந்தில் காளானுக்குப் பேர்போன இந்த வோஷித்சே பக்கத்தில் அது சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

அவனும் சும்மா இருக்கவில்லை. வடிகட்டியைக் கழற்றிக் கழுவினான். காற்று வரும் குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று ஒவ்வொரு துளையிலும் விரலை விட்டுப் பார்த்தான். தினமும் காலையில் ஆட்கள் வருவதற்கு முன்பே கரியமில வாயுவை அளந்தான். கருவி எல்லாம் சரி என்றது. காளான் மட்டும் இல்லை என்றது.

லாரிக்கார வித்தெக்குக்கு அது ஒரே கேலி. "ஏம்ப்பா, இதெல்லாம் காளானா, இல்ல நாரை போட்ட குஞ்சா?" என்பான். கத்தித்தான் சொல்வான். சரக்கு ஏற்றும்போதுகூட இஞ்சினை அணைக்காத ஆள். "அணைச்சா அப்புறம் நீயும் நானும்தான் தள்ளணும்" என்பான்.

போன முறை அவன் கேலி செய்யவில்லை. "இன்னொரு லோடு இப்படி வந்தா வார்சாவுல எடுக்க மாட்டாங்களாம். சொல்லச் சொன்னாங்க" என்றான்.

எடுக்காவிட்டால் இந்தக் கொட்டகையை இழுத்து மூட வேண்டியதுதான். மற்ற இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு தாக்குப்பிடிக்க முடியாது.

உள்ளே பறித்துக்கொண்டிருந்தது ஸோயா ஒருத்திதான். உக்ரேனிலிருந்து வந்தவள். அதிகம் பேசமாட்டாள். கை மட்டும் ஓயாது.

ஓயாத கைதான். ஆனால் சுவிட்சுக்கும் போயிருக்கிறதே. இன்றே கணக்குத் தீர்த்து அனுப்பிவிடுவது என்று கதவில் கை வைத்தான் லேஷெக்.

அப்போதுதான் நடைவழியின் சன்னல் திட்டைப் பார்த்தான். அங்கே ஒரு தகரக் கிண்ணம். அதற்குள் ஸோயாவின் போன், சார்ஜில் போட்டு நிறுத்தியிருந்தது. மணி அடித்தால் கிண்ணமும் சேர்ந்து அதிரும்படி வைத்திருக்கிறாள்.

கதவு திறந்த சத்தத்தில் மேல் அலமாரியிலிருந்து ஸோயா திரும்பினாள். கையில் கத்தி அப்படியே நின்றது.

"ஃபேனை யாரு நிறுத்தினது?"

"நான்தான், முதலாளி." கீழே இறங்கி வந்தாள். "இந்தத் தகரச் சுவத்துக்குள்ள சிக்னலே இல்ல. வெளிய வச்சா, ஃபேன் சத்தத்துல மணி கேக்க மாட்டேங்குது. வேலை முடிஞ்சதும் திரும்பப் போட்டுட்டுத்தான் போறேன்."

"கதவைத் திறந்து வச்சுக்கிறதுதானே?"

"ஈ வந்துடும்னு நீங்கதானே மூடி வைக்கச் சொன்னீங்க."

சொன்னவன் அவன்தான். கதவிலேயே பெரிய எழுத்தில் எழுதியும் வைத்திருக்கிறான்.

"அப்படி யாரு கூப்பிடப் போறாங்க?"

"எங்க வீட்டுக்காரர். போர்முனையில இருக்கார். நாம கூப்பிட்டா கிடைக்காது. அவருக்கு எப்ப முடியுதோ அப்பக் கூப்பிடுவார். அந்த நேரம் நான் எடுக்கலன்னா…"

கத்தியை அலமாரி ஓரத்தில் வைத்தாள்.

லேஷெக் அலமாரிகளைப் பார்த்தான். அடுக்கடுக்காகக் காளான்கள் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றன. அவன் பார்வை போன இடத்துக்கே அவள் பார்வையும் போனது. முகம் வெளுத்துவிட்டது.

"இது என்னாலயா? கொஞ்ச நேரம்தானேன்னு நெனச்சேன், முதலாளி."

வரும்போது நாக்கு நுனியில் வைத்திருந்ததையெல்லாம் அவன் விழுங்கிக்கொண்டான். அவளை அனுப்பிவிட நினைத்தது இப்போது அவனுக்கே வெட்கமாக இருந்தது.

வெளியே வந்து சுவிட்சைப் போட்டான். மின்விசிறி உறுமிக்கொண்டு கிளம்பியது. காலிப் பெட்டி ஒன்றைக் கவிழ்த்து, சன்னலோரம் கிண்ணத்துக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தான்.

"நீங்க பறிங்க" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தான். "அடிச்சா நான் வந்து கூப்பிடறேன்."

அடுத்த விளைச்சலில் காளான்கள் குட்டைக் காலும் கொழுத்த தலையுமாக வந்தன.

வித்தெக் ஒரு பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, நடைவழி அதிரச் சிரித்துக்கொண்டே வந்தான். வெளியே லாரி வழக்கம்போல உறுமிக்கொண்டிருந்தது.

"என்னப்பா, நாரைக் குடும்பம் வீட்டைக் காலி பண்ணிட்டுப் போயிடுச்சா?"

லேஷெக் பெட்டிமேல் உட்கார்ந்தபடியே சன்னல் பக்கம் சாய்ந்து காதைத் தீட்டிக்கொண்டிருந்தான்.

"உன்னைத்தான் கேக்கறேன். இங்க என்ன காவல்?"

லேஷெக் கிண்ணத்தைக் காட்டினான். "ஸோயா வீட்டுக்காரர் போர்முனையிலேருந்து கூப்பிடுவார். உள்ள கேக்காது. அதான்."

"நல்ல காரியம்தான். கடைசியா எப்பப் பேசினாராம்?"

"போன இலையுதிர் காலத்துல, உருளைக்கிழங்கு தோண்டுனப்போ."

வித்தெக் சன்னல் வழியாக வெளியே பார்த்தான். செர்ரி மரங்கள் பூத்து முடிந்து, இதழெல்லாம் தரையில் கிடந்தது.

வெளியே போய், லாரியின் இஞ்சினை அணைத்துவிட்டு வந்தான்.