பிசிறில்லாத குரல்

விற்பனை விளம்பரத்தைப் போனில் பார்த்துவிட்டுப் போன சுகந்திக்கு அந்த வீட்டுக்காரி பழைய வாஷிங் மெஷினை ஓடவிட்டே காட்டினாள். அதில் இடுப்பைச் சாய்த்து நின்றபடி தண்ணீர்க் கஷ்டம், மாமியாரின் சர்க்கரை என்று பேசிக்கொண்டே போனாள். உள்ளே குழந்தை வீறிட்டது. "போய்ப் பாருங்க" என்றாள் சுகந்தி. "அழட்டும்க்கா, சும்மாதான் அழுவான்" என்று சிரித்தாளே தவிர நகரவில்லை. குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கணவன்தான் காபி கொண்டுவந்தான்.

வீட்டுக்கு வந்த மெஷின், துணி பிழியத் தொடங்கியதும் தடதடவென்று வயர் எட்டும் தூரம்வரை நடந்தது. "ஏமாத்திட்டாடி. போனப் போடு" என்று கத்தினான் சுகந்தியின் கணவன் தனபால். அவள் ஓடிப்போய் இடுப்பால் முட்டுக்கொடுத்தாள். மெஷின் அடங்கியது. அதன் உதறலெல்லாம் அவள் முதுகில் ஏறிப் பற்கள் கிடுகிடுத்தன. அந்த வீட்டுக்காரியின் குரலில் ஒரு பிசிறுகூட இல்லையே. சிரிக்க வேறு சிரித்தாளே, பாவி.

"என்னடி நிக்கிற?"

"இருங்க" என்றாள். எதிரில் மெஷின் வாங்க யாரோ வந்து நிற்பதுபோலப் பார்த்து, முகத்தில் சிரிப்பை வரவழைத்து, "கா... காபி சா... சாப்பிடறீங்களா?" என்றாள். சரியாக வரவில்லை. இடுப்பை இன்னும் கொஞ்சம் அழுத்திக்கொண்டு மறுபடி ஆரம்பித்தாள்.