லிஃப்டில் ஒரு 'கண்ணு'

"ஜூரி இல்லாம ஜட்ஜ் தனியா விசாரிச்சா எனக்குப் பத்து வருஷம் நிச்சயம் மேடம்!" என்றான் கொள்ளை வழக்கில் சிக்கிய கென்.

"அதான் அப்பீல் போறோமே" என்றாள் வக்கீல் டோரீன். "லிஃப்ட்ல ஒரு ஜூரியம்மா உங்களை 'கண்ணு'ன்னு கூப்பிட்டாங்களாம். உடனே 'ஜூரியை வளைச்சுட்டான்'னு ஜட்ஜ் மொத்த ஜூரியையும் பாதியில கலைச்சுட்டு, தானே விசாரிக்கிறேங்கறாரு. லண்டன்காரரான அவருக்கு நம்ம ஷெஃபீல்டு பேச்சு என்ன தெரியும்? இங்க பஸ் டிரைவரைக்கூட 'கண்ணு'ன்னுதானே கூப்பிடுறோம்! அந்தம்மாவையே கோர்ட்டுக்கு வரவழைச்சுக் கேக்கச் சொல்றேன்."

கென் அவசரமாகக் குறுக்கிட்டான்.

"வேணாம் மேடம்! அவ ஷெஃபீல்டே இல்ல, ஸ்காட்லாந்துல கிளாஸ்கோ."

"அது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

கென் தலைகுனிந்தான்.

"நாலு வருஷப் பழக்கம் மேடம். அன்னிக்குத்தான் முதல் தடவையா என்னை அப்படிக் கூப்பிட்டா."