பெயர் போடாத கவிதை

குடும்ப நீதிமன்றத்தில் நான் கவுன்சிலர். சண்டைகளைக் கேட்டுக் கேட்டுக் காது மரத்துப்போய்விட்டது.

இன்று வந்தவர்கள் இன்பராஜும் சுகிர்தாவும். அவர்கள் முகம் பார்த்துப் பேசி வருஷக்கணக்காகிறது. ஆனால் இன்பராஜின் போன் மட்டும் தினமும் சாயங்காலம் தானாகவே ஒரு காதல் கவிதை எழுதி, அவன் அனுப்புவதுபோல் அவளுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. கல்யாணமான புதிதில் எல்லோரையும்போல அவனும் செய்துவைத்த ஏற்பாடு.

விவாகரத்துக்கு இருவரும் மளமளவென்று கையெழுத்துப் போட்டார்கள்.

"தம்பி, கவிதையையும் நிறுத்திடுங்க," என்றேன், வழக்கம்போல.

அவன் போனை எடுத்தான்.

"அது வந்துட்டுப் போகட்டும்," என்றாள் சுகிர்தா.

"அதுல ஒண்ணைக்கூட நான் படிச்சதில்ல," என்றான் அவன்.

"தெரியும். நீங்க வேணாம். அது வரட்டும்."

எனக்கு எரிச்சல் வந்தது. "உங்க பேருகூடப் போடாத கவிதைம்மா. அதை யாருக்கு வேணாலும் அனுப்பலாம்."

"சங்கத்துக் காதல் பாட்டுலயும் பேரு கிடையாது மேடம். ஸ்கூல்ல படிக்கிறப்ப, நமக்குன்னு நெனச்சுத்தானே படிச்சோம்?"

இன்பராஜ் எதையும் நிறுத்தாமலே போனைப் பையில் போட்டுக்கொண்டான்.

பஸ்ஸில் நின்றுகொண்டே வீடு வந்து சேர்ந்தேன். உள்ளே டிவி ஓடும் சத்தம் கேட்டது. அதன் எதிரில் என் கணவர் உட்கார்ந்திருப்பார். நான் நுழைந்தாலும் திரும்பிப் பார்க்க மாட்டார்.

கையில் போன் அதிர்ந்தது. அவர் அனுப்பியதாக ஒரு கவிதை.

செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்று படித்தேன். இன்னொரு தடவை படித்துவிட்டுத்தான் காலிங்பெல்லை அழுத்தினேன்.