உலகப்பிரகாரமான சத்தம்

"இது ஆராதனையா, துர்கா பூஜைப் பந்தலா?"

கமிட்டிக் கூட்டத்தில் செயலாளர் தேவசகாயம் மேஜையைத் தட்டினார். கிடர்பூர் தமிழ்ச் சபையில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது.

"ட்ரம்ஸு, கிடாரு, சினிமா மெட்டு! அத்தனையும் உலகப்பிரகாரமானது. இன்னிக்கே முடிவு கட்டணும்."

பாஸ்டர் தயங்கினார். "மணிவேல் ட்ரம்ஸ் வாசிக்க ஆரம்பிச்ச பிறகுதான் அண்ணாச்சி, வாலிபப் பிள்ளைங்க சபைக்கு வர்றாங்க. தமிழ் எழுத்தே தெரியாத பிள்ளைங்ககூட பெங்காலியில எழுதி வச்சுப் பாடுது."

ட்ரம்ஸ் வேண்டாம் என்றவர்கள் கை தூக்கினார்கள். வேண்டும் என்றவர்களும் தூக்கினார்கள். இரண்டும் சரிக்குச் சரி. எல்லோரும் நீலாவதியைப் பார்த்தார்கள்.

பாடகர் குழுத் தலைவி அவள். ஆர்மோனியத்தோடு கீர்த்தனை பாடி வளர்ந்தவள். ட்ரம்ஸ் அதிர்கிற அதிர்வில் பாட்டின் வார்த்தை செத்துப்போகிறது என்பது அவளுடைய நிஜமான ஆதங்கம். மணிவேல் மேல் அவளுக்கு ஒரு வருத்தமும் இல்லை.

வேண்டாம் என்று கை தூக்கினாள். ஒரு வழியாகக் கர்த்தருடைய வீடு ட்ரம்ஸிடமிருந்து தப்பியது.

மணிவேலிடம் சொல்லும் வேலையும் அவள் தலையிலேயே விழுந்தது. துறைமுகத்தில் துப்புரவு வேலை பார்த்த மாணிக்கத்தின் மகன் அவன். லாரி ஷெட்டில் வேலை.

"மெதுவா அடிக்கிறேன்க்கா. மேல துண்டைப் போட்டுக்கூட அடிக்கிறேன்."

"சத்தம் இல்ல தம்பி. இந்த இசையே உலகப்பிரகாரமானதுன்னு முடிவாயிட்டு. நீயும் எங்ககூட நின்னு பாடேன்."

"பாட்டு வராதுக்கா. எனக்கு இது ஒண்ணுதான் வரும்."

அடுத்த ஞாயிறு அவன் வரவில்லை. அதற்குப் பிறகும் வரவில்லை. நீலாவதிக்கு மனசு உறுத்தியது. ஆராதனை ஒழுங்காக நடக்கத்தானே செய்தோம் என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள்.

டிசம்பர் பிறந்தது. கிறிஸ்துமஸ் கேரல் ஒத்திகை, ஜாதவ்பூரில் தேவசகாயத்தின் ஃப்ளாட்டில். மாடிப்படி ஏறும்போதே 'டம் டம்' என்று காது அடைத்தது.

ஹால் நடுவே புத்தம்புது ட்ரம்ஸ். வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தவன் தேவசகாயத்தின் தங்கை மகன் ஜெயந்த். மெட்டு அசல் சினிமா.

நீலாவதிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அண்ணாச்சி, இது உலகப்பிரகாரமானது இல்லையா?"

"காலத்துக்கு ஏத்தாப்ல நாமளும் மாறணும்லா?" என்று சிரித்தார் தேவசகாயம்.

"அப்போ மணிவேலையே கூப்பிட்டிருக்கலாமே?"

டீ கொண்டுவந்த அவர் மனைவி ஜலஜா முந்திக்கொண்டாள்.

"வெவரம் தெரியாமப் பேசாதே நீலா. கேரல் ரவுண்ட்ஸ்னா வாசிக்கிறவனும் வீடு வீடா வருவான். நடு ஹால்ல உக்கார வச்சு கேக்கும் டீயும் குடுக்கணும். அவன் என்ன நம்ம ஆளா?"

நீலாவதி டீக் கோப்பையை வாங்கி, தான் உட்கார்ந்திருந்த சோபாவின் கைப்பிடியில் வைத்தாள்.

தேவசகாயம் கேக் தட்டை அவள் பக்கம் பிரியமாக நகர்த்தினார்.

"அன்னிக்கு நீ மட்டும் கை தூக்கலேன்னா, இப்ப நீ உக்காந்திருக்கியே, இந்த சோபாவுல அவன்லாம்மா உக்காந்திருப்பான்!"