ஏறிப் பார்த்த பாதை

மூன்றாவது முறை விழுந்தபோதும் அவர் முழங்காலைப் பார்க்கவில்லை. குப்புறக் கிடந்தபடியே பாதையின் மண்ணைக் கிள்ளி, விரலிடுக்கில் தேய்த்துப் பார்த்தார்.

"களிமண் கலந்திருக்கு. மழை பெஞ்சா வழுக்கும்."

"மழையே பெய்யல, அதுக்குள்ள மூணு தடவை வழுக்கிட்டீங்களே அண்ணே!" வாடகைச் சைக்கிள் கடைக்காரி மேட்டிலிருந்து தன் சைக்கிளில் விர்ரென்று இறங்கி வந்து நின்றாள். "எந்திரிங்க. இது என்ன உங்க லிஃப்ட்டா, பட்டனை அமுக்கினா நிக்கிறதுக்கு? ரெண்டு பிரேக்கையும் பதமாப் பிடிக்கணும்."

அவர் லிஃப்ட் மெக்கானிக். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. மலைச் சைக்கிளில் உட்கார்ந்ததே இன்று காலையில்தான். ஆனாலும் தொழில் புத்தி எங்கே போகும்? தான் ஏறி இறங்கிப் பார்க்காத எந்த லிஃப்ட்டிலும் இன்னொருவரை அவர் ஏற்றியதே இல்லை.

இந்தப் பாதையில் அவர் ஏற்ற நினைத்தது தன் மகளை.

கணவன் மனைவி பிரிந்த பிறகு மகள் அம்மாவோடு போய்விட்டாள். லீவுக்கு மட்டும் அப்பாவிடம் வருவாள். கடைசியாக வந்தபோது பையை மூடிக்கொண்டே சொன்னாள்: "உங்க ஊர்ல வந்து நான் என்னப்பா பண்றது? சைக்கிள் ஓட்ட ஒரு மேடு கூட இல்ல."

குழந்தை விளையாட்டாகச் சொன்னதுதான். ஆனால் அதற்குப் பிறகு இரண்டு வருடமாக அவள் வரவில்லை. அந்தப் பேச்சு மட்டும் மீன்முள் மாதிரி அவர் தொண்டையிலேயே நின்றுவிட்டது.

இப்போது கம்பெனியில் மாற்றல். இரண்டு ஊரில் எது வேண்டும் என்று இன்று சாயங்காலத்துக்குள் சொல்லியாக வேண்டும்.

முதல் ஊரைப் போன வாரமே பார்த்துவிட்டார். வேலைக்கு நடந்தே போகலாம். வெளிச்சமான வீடு, எதிரிலேயே பெரிய நீச்சல் குளம். ஜன்னலைத் திறந்தால் ஒரே கும்மாளம். "இந்த இரைச்சல்ல மனுஷன் எப்படித் தூங்குறது?" என்று சாத்திவிட்டு வந்தவர்தான்.

இந்த ஊரில் கிடைத்த வீட்டில் சமையலறைக் கூரை ஒழுகுகிறது. வேலைக்குப் போக இரண்டு பஸ் மாற வேண்டும். ஆனால் பின்கதவைத் திறந்தால் மலை, மலையெல்லாம் சைக்கிள் பாதை.

"ஏன் அண்ணே, உங்க பொண்ணையே ஒரு வார்த்தை கேட்டுட்டா என்ன?" என்றாள் கடைக்காரி, அவர் முழங்கை மண்ணைத் தட்டிவிட்டபடி. "ஏறுறவங்ககிட்ட எந்த மாடின்னு கேக்க வேணாமா?"

"சொல்லிட்டா அப்புறம் என்னம்மா இருக்கு? வந்து கதவைத் திறந்து பாக்கணும். அப்ப அவ மூஞ்சியை நான் பாக்கணும்."

அவள் கீழே கிடந்த சைக்கிளை நிமிர்த்தி அவர் கையில் கொடுத்தாள்.

பாறைத் திருப்பத்தில் மறுபடி விழுந்தார். மர வேர்கள் குறுக்கிட்ட இடத்தில் விழாமல் தப்பித்து, சின்னப் பிள்ளை மாதிரி கையைத் தூக்கினார். உடனே மகளின் குரலைக் கேட்க வேண்டும்போல் இருந்தது. போன் போட்டார்.

"அப்பா, தலையெல்லாம் சொட்டச் சொட்ட நிக்கிறேன். துவட்டிட்டுக் கூப்பிடுறேனே!"

அவர் போனை மார்போடு வைத்துக்கொண்டு கடைக்காரியைப் பார்த்துச் சிரித்தார். "வெயில்ல ஓட்டிட்டு வந்து குளிச்சிருக்கா, பாரும்மா. இன்னும் அதே பைத்தியம்தான்."

மலையடிவாரத்துக்கு வந்ததும் மேனேஜருக்குப் போன் போட்டார். "மலையூரே போதும் சார்."

"நல்லா யோசிச்சியாய்யா? வேலைக்குப் பக்கத்துல வீடு, நல்ல வசதி, அதை விட்டுட்டு..."

"யோசிச்சாச்சு சார்."

"அப்ப அந்த இடத்தை இன்னொருத்தருக்குக் குடுத்துடுறேன். நாளைக்கு வந்து மாத்திக் குடுன்னு நிக்கக் கூடாது."

"நிக்க மாட்டேன் சார்."

பாவம், சைக்கிளைக் கடைச் சுவரில் சாய்த்துவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். முழங்கால் வலி அப்போதுதான் தெரிந்தது. செய்தது சரிதானா என்று யோசித்துக்கொண்டிருந்த நேரத்தில் மகள் கூப்பிட்டாள். அவரால் அடக்க முடியவில்லை.

"அப்பாவுக்கு மாத்தல்மா. மலையூருக்கு. வீட்டுக்குப் பின்னாடியே சைக்கிள் பாதை. ஒரு திருப்பம் விடாம நானே ஓட்டிப் பாத்துட்டேன்."

"நீங்களா?" கலகலவென்று சிரித்தாள். சட்டென்று சிரிப்பு நின்றது. "எனக்காகவாப்பா?"

"பின்ன, வேற யாருக்கு?"

தழுதழுத்த குரலில், "நான் வர்றேன்பா. லீவு முழுக்க உங்ககூடத்தான் இருப்பேன்," என்றாள்.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கடைக்காரியும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"வரும்போது உன் சைக்கிளையும் கொண்டு வந்துடு, கண்ணு."

"அய்யோ, அதை எப்பவோ பக்கத்து வீட்டுப் பொண்ணுக்குக் குடுத்துட்டேனே! இப்ப எனக்கு ஏதுப்பா அதுக்கெல்லாம் நேரம்? அடுத்த மாசம் போட்டி இருக்கு, ஒரு நாள் கூடப் பயிற்சியை விடக் கூடாது."

"என்ன போட்டிம்மா?"

"அது பெரிய கதை, வந்து சொல்றேன். முதல்ல இதைச் சொல்லுங்க. அங்க பக்கத்துல நீச்சல் குளம் இருக்காப்பா?"