வெரோணிக்கம்மாள் வேஷம்

கைக்குட்டையை வெளியே எடுத்தார்.

மறுபடி சட்டைப் பைக்குள் வைத்தார்.

பந்தலில் பிரியாணித் தட்டோடு உட்கார்ந்திருந்த தெருக்காரர்கள் நாங்கள் எல்லோரும் பார்த்தோம். பார்க்காத மாதிரி பார்த்தோம்.

எதிர் வரிசையில், சக்கர நாற்காலியில் இன்னாசி. நெற்றி வியர்வை இறங்கிக் கண்ணுக்குள் போகிறது. துடைக்கக் கை எழவில்லை. கூட்டிவந்த மகள் பிரியாணி வரிசையில் நிற்கிறாள்.

பள்ளிக்கூடத்துக்கு நூற்றைம்பதாவது ஆண்டு. பிரெஞ்சு சாமியார் ஒருவர் ஓலைக் கொட்டகையில் தொடங்கிய கதையை மேடையில் ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்லி முடித்திருந்தார்கள். ஒருவர் தன் பேச்சில் கொட்டகையை இரண்டு தடவை எரித்துவிட்டார். மின்விசிறியெல்லாம் மேடைக்கு. பழைய மாணவர்களுக்குக் காற்று எதற்கு என்று யாரோ முடிவு செய்திருக்கிறார்கள்.

கைக்குட்டைக்காரரும் இன்னாசியும் இங்கே ஒரே பெஞ்சு.

அது ஒரு காலம்.

அவர் வீட்டு வாசலில் நின்றால் பள்ளிக்கூடச் சுவர். ஆனாலும் மகனை இங்கே சேர்க்கவில்லை. பையன் பஸ் ஏறி டவுனுக்குப் போய்ப் படித்தான். கேட்டவர்களிடம், இங்கே கணக்குப் பாடம் சரியில்லை என்றார். கணக்கு வாத்தியாருக்கு விருது கொடுத்த வருஷம் அது.

காரணம் கணக்கு இல்லை. தெருவுக்கே தெரியும்.

தவக்காலத்தில் பள்ளிக்கூடத்தில் பாஸ்கா போடுவார்கள். இயேசுவின் பாடுகளைக் காட்டுகிற நாடகம். பையன்கள் மட்டும் படிக்கிற இடம். பெண் வேஷமும் பையன்தான் கட்ட வேண்டும். மீசை முளைக்காதவன் மாட்டிக்கொள்வான்.

அந்த வருஷம் மாட்டியது அவர்.

வெரோணிக்கம்மாள். சிலுவை சுமந்து வருகிற இயேசுவின் முகத்தைத் துடைத்துவிடுகிற பெண். துடைத்த துணியில் திருமுகம் அப்படியே பதிந்துவிடும்.

இயேசு, இன்னாசி.

துணியில் முகத்தை டிராயிங் மாஸ்டர் முன்னாலேயே வரைந்து கொடுத்திருந்தார். துடைப்பது போல் துடைத்து, விரித்துச் சனத்துக்குக் காட்ட வேண்டும். அவ்வளவுதான் வேஷம். வசனம்கூடக் கிடையாது.

விரித்தார்.

வெறும் பக்கம்.

வலது பக்கம் திரும்பிக் காட்டினார். இடது பக்கம் திரும்பிக் காட்டினார். ஒன்றுமில்லாத துணியை, அத்தனை பக்தியோடு. முன்வரிசைக் கன்னியாஸ்திரீகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

சிலுவைக்கு அடியிலிருந்து இயேசு கத்தினார்.

"ஏல வெரோணிக்கம்மா, திருப்பிப் பிடில!"

மைக் பக்கத்திலேயே இருந்தது.

அப்புறம் எழுந்த சிரிப்பு லேசில் அடங்கவில்லை. மாதா வேஷக்காரன் அழ வேண்டிய இடத்தில் சிரித்தான். ரோமச் சேவகன் ஈட்டியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தான்.

இன்னாசி கெட்ட எண்ணத்தில் கத்தவில்லை. நாடகத்தைக் காப்பாற்றப் பார்த்தார். நாடகம் தப்பித்தது.

பெயர் தங்கிவிட்டது.

பெண் கொடுக்க வந்தவர்களே 'வெரோணிக்கம்மா வீடு எது' என்று விசாரித்துத்தான் வந்தார்கள். சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் எங்கள் தெருவில் வழி காட்ட ஆள் கிடையாது. அதில் எங்களுக்கும் பங்கு உண்டு. இல்லையென்று சொல்லவில்லை.

அவர் எங்களை மன்னித்துவிட்டார். இன்னாசியை மட்டும் மன்னிக்கவில்லை.

ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் இன்னாசி கேக்கோடு வந்து நிற்பார். கேட் திறக்காது. கேக்கை மதில்மேல் வைத்துவிட்டுப் போவார். அதை யார் சாப்பிட்டார்கள் என்பது இங்கே முக்கியமில்லை. கோவில் பூசையில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லிக்கொள்ளச் சொன்னால், இவர் தூணைப் பார்த்துக் கும்பிடுவார். அந்தத் தூண் மாதிரி சமாதானம் வாங்கின தூண் மறைமாவட்டத்திலேயே இருக்காது.

போன வருஷம் இன்னாசிக்குப் பக்கவாதம். கையும் ஞாபகமும் ஒன்றாகப் போயின.

கிறிஸ்துமஸுக்குக் கேக் வரவில்லை.

அன்றைக்கு முழுக்க அவர் வீட்டுக் கேட் திறந்தே கிடந்தது. ஆடு புகுந்து ரோஜாச் செடியைத் தின்றது. அப்போதும் மூடவில்லை.

இப்போது பந்தலில் அவர் எழுந்தார்.

நாற்காலியை இழுத்துக்கொண்டு போய் இன்னாசி பக்கத்தில் போட்டார். உட்கார்ந்தார்.

இன்னாசி நிமிர்ந்து பார்த்தார்.

"சார் யாரு?"

சார்.

தன் பெயரைச் சொன்னார். ஞானஸ்நானத்தில் வைத்த பெயர். இன்னாசி மரியாதையாகத் தலையை ஆட்டினார். ஒரே பெஞ்சு என்றார். அதற்கும் அதே மரியாதை. பள்ளிக்கூடச் சுவருக்கு எதிர்வீடு என்றார்.

"அப்படிங்களா சார்."

நாங்கள் பிரியாணியில் கை வைத்தபடி இருந்தோம்.

அவர் சுற்றிலும் ஒரு தடவை பார்த்தார். குனிந்தார். எங்களுக்குக் கேட்கக்கூடாதென்று குரலைத் தாழ்த்தினார்.

கேட்டது.

"நாந்தாம்ல. வெரோணிக்கம்மா."

இன்னாசி சிரிக்கவில்லை. பெயர் பிடிபட்டதா என்றும் சொல்ல முடியாது.

கண்ணை மூடினார். முகத்தை மட்டும் மெல்லத் தூக்கி, ஏந்திக் கொடுத்தார். அன்றைக்குப் பாஸ்கா ஒத்திகையில் பங்குச் சாமியார் சொல்லிக்கொடுத்த மாதிரியே.

கைக்குட்டை வெளியே வந்தது.

நெற்றி. இமை. மூக்கோரம். தாடை.

மகள் தட்டோடு வந்து, கிட்டே போகாமல் நின்றுவிட்டாள்.

மறுநாள் காலையில் அவர் வீட்டு மாடிக் கொடியில் துணி காய்ந்தது. விழாவுக்குப் போட்ட வெள்ளைச் சட்டை. வேட்டி. பனியன். துண்டு.

கைக்குட்டையைக் காணோம்.

கிளிப் போதவில்லை போலிருக்கிறது.