மூன்றாவது மாடிக் கண்

சுவரில் இருந்த கண் அசைந்தது.

முதலில் பார்த்தது தூதரகத்து அம்மாதான். மைக்கில் பேசிக்கொண்டிருந்தவர் பாதியில் நிறுத்திவிட்டு மேலே கையைக் காட்டினார். பந்தலில் இருந்த கூட்டம் மொத்தமும் திரும்பிப் பார்த்துக் கைதட்டியது.

முன்வரிசையில் புதுப் புடவையோடு உட்கார்ந்திருந்த வேம்புவும் தட்டினாள். தட்டிய பிறகுதான் அவளுக்கு உறைத்தது. அசைந்தது படமில்லை, தன் வீட்டு ஜன்னல்.

எம்.கே.பி. நகர் குடியிருப்பின் பக்கவாட்டுச் சுவரில், தரையிலிருந்து மொட்டைமாடி வரைக்கும் ஒரு முகம் வரைந்திருந்தார்கள். துறைமுகத்துக் கூலிக்காரர் ஒருவர் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிற முகம். ஏதோ ஒரு குளிர் தேசத்துத் தூதரகம் கொடுத்த சிறு நிதியில், அந்த ஊர் ஓவியரும் இந்த ஏரியாப் பிள்ளைகளும் சேர்ந்து வரைந்தது. கலாசாரப் பரிமாற்றம் என்று பேனரில் போட்டிருந்தது. அவர்கள் பெயிண்ட் கொடுத்தார்கள், இவர்கள் சுவரைக் கொடுத்தார்கள்.

வலது கண் பூட்டிக் கிடந்த ஒரு வீட்டு ஜன்னலில் வந்தது. அதனால் யாருக்கும் கஷ்டமில்லை.

இடது கண் மூன்றாவது மாடியில், வேம்பு வீட்டின் ஒரே ஜன்னலில் வந்தது. கருவிழியை வரைந்திருந்த மரக்கதவு இரண்டும் சேர்ந்து மூடியிருந்தால்தான் அது முழுசாகத் தெரியும். திறந்தால் அவ்வளவு பெரிய முகத்துக்கு ஒரு கண் ஓட்டை.

அந்த ஜன்னலை ஒட்டித்தான் அவள் புருஷன் ஜெயவேலின் கட்டில். காலமெல்லாம் மூட்டை தூக்கிய மனிதருக்கு இப்போது ஒரு மூச்சைத் தூக்குவதே பெரும்பாடு. வெளிக்காற்று முகத்தில் பட்டால்தான் இழுப்பு கொஞ்சம் அடங்கும். வாசல் கதவைத் திறந்து வைத்துப் பிரயோஜனமில்லை. இருட்டு வராந்தாவிலிருந்து சாக்கடை நாற்றம்தான் வரும்.

விழா முடிகிறவரை ஜன்னலை மூடி வைக்கச் சொல்லிக் கேட்டவன் பாலகணேஷ். பக்கத்துத் தெருவில் மளிகைக் கடை வைத்திருக்கும் திருச்செந்தூர்க்காரரின் மகன். நற்பணி மன்றச் செயலாளர். தூதரகத்துக்கு நடையாய் நடந்து நிதி வாங்கியவன். கெட்டவன் என்று சொல்லிவிட முடியாது. அடுத்த வருஷ நிதியில் மாமாவுக்கு ஒரு ஆக்சிஜன் மெஷின் கேட்டுவிடலாம், விழாவுக்கு வருகிற தூதரகத்து அம்மாவின் மனசு குளிர்ந்தால் போதும் என்றான்.

வேம்பு முடியாது என்றுதான் சொன்னாள். ஒத்துக்கொண்டது ஜெயவேல்.

"நீ போயிட்டு வா மே. அதுக்குள்ள நான் இன்னா பூடவா போறேன்?"

சொல்லிவிட்டுச் சிரித்தார். சுவரில் இருப்பதும் அதே சிரிப்புதான். அவருடைய பழைய போட்டோவைப் பார்த்துத்தான் அந்த முகத்தை வரைந்திருந்தார்கள். ஊரே பார்த்துவிட்டது. மாடி இறங்க முடியாததால் அவர் மட்டும் இன்னும் பார்க்கவில்லை.

கண் மறுபடி அசைந்தது. இந்த முறை கருவிழி நடுவில் பிளந்து, விரற்கடை இருட்டு தெரிந்து, மூடிக்கொண்டது. பையன்கள் விசிலடித்தார்கள். தாத்தா கண்ணடிக்கிறார் என்று ஒரு குழந்தை சொல்ல, அதை யாரோ மொழிபெயர்க்க, தூதரகத்து அம்மா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

வேம்பு எழுந்துவிட்டாள்.

அவள் எழுந்ததை அந்த அம்மா வேறுவிதமாக எடுத்துக்கொண்டார். மேடையிலிருந்து இறங்கி வந்து அவளை இறுகக் கட்டிக்கொண்டார். நல்ல மனுஷி. கண்கூடக் கலங்கியிருந்தது. சுற்றி நின்று எல்லோரும் போட்டோ எடுத்தார்கள்.

உதறிவிட்டு ஓடியிருக்கலாம். மெஷின் என்ற ஒரு சொல் அவள் காலைக் கட்டிப்போட்டது.

அந்த அம்மாவின் தோளுக்கு மேலாக அவள் மாடியையே பார்த்தாள். கதவு உள்ளேயிருந்து தள்ளப்பட்டது. இடைவெளி முன்னைவிடக் குறைவு. அடுத்த முறை அதைவிடக் குறைவு.

ஏன் குறைகிறது என்று அந்தப் பந்தலில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

அந்த ஜன்னலின் தாழ்ப்பாள் எப்போதோ உடைந்துபோனது. காற்றில் திறந்துகொண்டு மானத்தை வாங்கிவிடப் போகிறதே என்று, புறப்படுவதற்கு முன்னால் கதவின் கைப்பிடிகளை ஜன்னல் கம்பியோடு சேர்த்து நைலான் கயிற்றால் அவள்தான் கட்டினாள். கல்யாணமான புதிதில் ஜெயவேல் சொல்லிக்கொடுத்த முடிச்சு. கப்பல் சரக்குக்குப் போடுவது. தள்ளத் தள்ள இறுகும். அவள் கட்டும்போது கட்டிலில் படுத்தபடி பார்த்துக்கொண்டிருந்தவர், இத்தனை வருஷம் கழித்தும் மறக்காமல் போடுகிறாளே என்று மெச்சிக்கொண்டார்.

அந்த அம்மா பிடியை விட்டபோது கண் அசையவில்லை.

வேம்பு நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு மாடிப்படிக்கு ஓடினாள். பின்னாலேயே பாலகணேஷும் ஓடிவந்தான். அவன் முகமெல்லாம் பூரிப்பு.

"அக்கா, மெஷினுக்குச் சரின்னுட்டாங்க. மாமாவ இன்னும் ஒரே ஒரு தடவ கண்ண ஆட்டச் சொல்லுங்க, அந்த அம்மா வீடியோ எடுக்கணுமாம்."

அவள் நிற்கவில்லை. கீழே அத்தனை பேரும் செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஜெயவேல் கண்ணடிப்பதற்காகக் காத்திருந்தார்கள்.